வாய்க்காலில் ஊறிய சக்கரம்

அண்ணி,

அன்றைக்கு அந்த டயர் ரிம்மோடு ஒட்டிக்கொண்டது கஞ்சியாலா, துருவாலா? இருபத்துமூன்று வருடங்களாக இந்தக் கேள்வி என்னிடம் இருக்கிறது, பதில் இல்லை. அண்ணன் கஞ்சிதான் என்பார். நீங்கள் துருதான் என்பீர்கள். ஒவ்வொரு பொங்கலுக்கும் இலை போட்டு உட்கார்ந்ததும் இந்த வழக்கு ஆரம்பிக்கும். கடைசியில் இரண்டு பேரும் என் பக்கம் திரும்புவீர்கள். “எம்மெஸ்ஸி சொல்லட்டும்” என்பீர்கள். கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுப்பவள் என்பதால் எனக்கு உங்கள் வாயில் அந்தப் பெயர். நான் ஒருமுறைகூடத் தீர்ப்புச் சொன்னதில்லை. தெரியாததைத் தெரியாது என்று சொல்வதற்குத்தான் அந்தப் படிப்பு என்பேன்.

“அதுக்கு எதுக்கு பாப்பா அவ்வளவு படிப்பு? நான் படிக்காமயே சொல்லுவேனே” என்பீர்கள்.

நேற்று குக்கர் வளையம் கிழிந்துவிட்டது. மாற்று வளையம் வாங்கி வைத்திருக்கவில்லை. பரணிலிருந்து பழைய பானையை எடுத்து உலை வைத்து, எத்தனையோ வருடங்களுக்குப் பிறகு சோறு வடித்தேன். பானையைச் சாய்த்ததும் கஞ்சி ஆவியோடு இறங்கியது. அப்போது எனக்கு மண்ணெண்ணெயும் ரப்பரும் மணத்தன. என் சமையலறையில் அவை இரண்டும் கிடையாது. ஆகவே அது மூக்கின் வேலையல்ல என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். இந்த வீட்டில் வேட்டி கட்டுகிறவர் யாரும் இல்லை. கஞ்சியை வைத்துக்கொண்டு செய்வதற்கு ஒன்றுமில்லை. கொட்டவும் மனம் வரவில்லை. மூடி வைத்துவிட்டு இதை எழுத உட்கார்ந்தேன்.

இதை நீங்கள் படிப்பீர்கள் என்ற நம்பிக்கை எனக்குக் கிடையாது. அந்த மாதிரி நம்பிக்கை நம் வீட்டில் யாருக்குமே கிடையாது. ஆனாலும், ‘என் அண்ணி இப்படி இருந்தார், அப்படிச் செய்தார்’ என்று எழுதிப் பார்த்தேன். இரண்டு வரிக்கு மேல் போகவில்லை. உங்களிடம் பேசுவதாக எழுதினால் ஓடுகிறது. காரணம் தெரியவில்லை, பயன்படுவதால் பயன்படுத்துகிறேன்.

எழுதுவதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. நீங்கள் போய்ப் பதினோரு மாதமாகிறது. கருமாதி, திதி எதுவும் கூடாது என்பது அண்ணனின் கொள்கை. படத்திறப்பு மட்டும் நடந்தது. வாசலில் பந்தல், மைக், மாலை போட்ட உங்கள் படம். வெளியூரிலிருந்து வந்த கட்சிக்காரர் ஒருவர் பேசினார். “எதிரிகள் டயரை வெட்டினார்கள்! இந்த வீராங்கனை என்ன செய்தார்? ஒரே மணி நேரத்தில் தன் கையால் டயரை மாற்றி, காலொடிந்த கணவரைப் பின்னால் ஏற்றி, தாலுகா அலுவலகத்தை மூன்று முறை சுற்றி வந்து சவால் விட்டார்! தாசில்தாரே எழுந்து நின்றார்!” என்றார். பந்தல் முழுக்கக் கைத்தட்டல். அண்ணன் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பேச்சில் எத்தனை பிழை என்று நான் முன்வரிசையில் விரல் மடக்கி எண்ணிக்கொண்டிருந்தேன். படத்தில் நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். அதனால் எழுந்து மறுக்கவில்லை.

வீராங்கனையாக நீங்கள் எனக்குப் பழக்கமில்லை, அண்ணி. நான் பார்த்ததை எழுதி வைக்கிறேன்.

அதிராம்பட்டினத்துப் பக்கம் கடலோரத்தில் பிறந்தவர் நீங்கள். உங்கள் அப்பாவுக்குப் படகு. கூட்டத்துக்கு அங்கே போன அண்ணன், உங்கள் வீட்டில் மீன்குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்து, ஒரு மாதம் வேறு எதையும் சாப்பிடப் பிடிக்காமல் திரிந்தார். அப்புறம் மாலை மாற்றிக்கொண்ட சீர்திருத்தத் திருமணம். நம் அப்பாவும் அம்மாவும் அதற்கு முன்பே போய்விட்டார்கள். வீட்டில் அண்ணன், நீங்கள், விடுமுறைக்குச் சைக்கிளில் வந்து போகும் நான்.

ஊர்ப் பெண்கள் உங்களை விடவில்லை. முதல் நடவன்று வரப்பில் நின்று ஒருத்தி கேட்டாள்: “மீன்கார வீட்டுப் பொண்ணுக்கு நாத்து எது, களை எதுன்னு தெரியுமா?”

“தெரியாதுக்கா. அதான் வந்தவங்கள்ல யாரு நாத்து யாரு களைன்னு பாத்துக்கிட்டு இருக்கேன்.”

அந்த வருடம் முழுக்க உங்களை யாரும் அப்படிக் கேட்கவில்லை.

முதல் டயர் மாற்றியது தை மாதம். அண்ணன் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கியிருந்தார். பின் டயர் தேய்ந்து வழுவழுவென்று இருந்தது. டவுனிலிருந்து புது டயரும் டியூபும் வாங்கி வந்து, வருகிறவர் போகிறவர் பார்க்கட்டும் என்று மூன்று நாள் உத்தரத்தில் மாட்டி வைத்திருந்தார். நான்காம் நாள் தானே மாற்றப்போவதாகச் சொல்லி வாசலில் சாக்கை விரித்தார். பழையதைக் கழற்றிவிட்டார். புதியதில் முக்கால் பங்கு ரிம்முக்குள் போய்விட்டது. கடைசி ஒரு முழம் போகவில்லை. கையிலிருந்த ஒரே கம்பியால் நெம்பினார், காலால் உதைத்தார், டயரைச் செய்தவனைத் திட்டினார்.

நீங்கள் அடுப்படியிலிருந்து ஒரு குண்டானோடு வந்தீர்கள். அண்ணனின் கரை வேட்டிக்குப் போடுவதற்காக எடுத்து வைத்திருந்த கஞ்சி. கேட்காமல் கொள்ளாமல் டயர் ஓரத்தில் ஊற்றினீர்கள்.

“ஏ, ஏ! என்னம்மா பண்றே?”

“தள்ளுங்க. போவலைன்னா வழுக்க வைக்கணும். படகைத் தண்ணிக்கு எறக்கையில உருளைக் கட்டைக்கு எண்ணெய் தடவ மாட்டாங்களா?”

தோசைத் திருப்பியின் காம்பைக் கொடுத்து ஒரு நெம்பு. டயர் வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது. நான் அதுவரை பார்த்த எந்தச் சோதனையும் அவ்வளவு சுத்தமாக முடிந்ததில்லை. அண்ணன் அன்று மாலைக் கூட்டத்துக்குக் கஞ்சி போடாத வேட்டியோடு துவண்டு போனார். மேடையில் அவரைப் பார்த்து யாரோ உடம்பு சரியில்லையா என்று கேட்டார்களாம்.

வேட்டியில் கஞ்சி காய்ந்தால் என்ன ஆகும் என்பது தஞ்சாவூர்ச் சீமையில் எல்லோருக்கும் தெரியும். அது டயருக்குள்ளும் காயும் என்று நமக்கு மூன்று பேருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். மாவுப்பொருள் பற்றி அந்த வாரம்தான் வகுப்பில் ஒரு மணி நேரம் பேசியிருந்தேன்.

கழற்றிய பழைய சாமான்களுக்கெல்லாம் நீங்கள் வேலை கண்டுபிடித்தீர்கள். பழைய டயரைக் கொல்லையில் போட்டு வைக்கோல் திணித்தீர்கள். அடைக்கோழி அதில் ஏறி உட்கார்ந்துகொண்டது. பழைய டியூபில் காற்றடித்து என் கையில் கொடுத்தீர்கள். “ஆத்தங்கரையில பொறந்து இருவத்தஞ்சு வயசு ஆச்சு, நீச்சல் தெரியாதுன்னு வெளியில சொல்லிராதீங்க நாத்தனாரே. எங்கூருக்குத் தெரிஞ்சா சிரிப்பாங்க.” மாசியில் தண்ணீர் குறைகிற வரைக்கும் அரசலாற்றில் அந்தக் கறுப்பு வளையத்துக்குள் உட்கார வைத்து என்னைத் தள்ளிக்கொண்டே இருந்தீர்கள். நான் நீந்தக் கற்றுக்கொள்ளவில்லை. மிதக்கக் கற்றுக்கொண்டேன். “அது போதும், மிச்சத்தை ஆறு பாத்துக்கும்” என்றீர்கள்.

அறுவடை முடிந்து களம் காலியானதும் அண்ணன் உங்களுக்கு வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தார். ரோட்டில் ஓட்டினால் ஊர் பேசும் என்று களத்திலேயே விடிகாலையில் சுற்றினீர்கள். போரடிக்கிற மாடுகள் சுற்றுகிற அதே தடத்தில், அதே பக்கமாக, இடமாகவே, இடக்கைப் பக்கம் மட்டுமே திரும்பி. அண்ணனும் நடுவில் மாடு ஓட்டுகிறவர் மாதிரியே நின்றுகொண்டிருந்தார். ஒரு மாதத்தில் நீங்கள் நன்றாக ஓட்டினீர்கள். எந்தப் பக்கமாக என்று அப்போது யாரும் யோசிக்கவில்லை.

ஆனி மாதம் வந்தது. இனி நிலத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அப்பா காலத்திலிருந்து நாம் குத்தகைக்குச் சாகுபடி செய்த ஐந்து மா, ஒன்றரை ஏக்கருக்குச் சற்று அதிகம். அப்பாவின் அப்பா அதே வயலில் கூலிக்கு உழுதவர். உழுகிறவர் பெயரைக் குத்தகைதாரராகப் பதிவு செய்யலாம் என்று சட்டம் வந்ததும் அண்ணன் மனுப் போட்டார். நிலத்துக்குச் சொந்தக்காரரான மிராசுதாரர், இவர் சாகுபடியே செய்யவில்லை என்று எதிர்மனுப் போட்டார். விசாரணைக்கு முதல் தடவை அண்ணன் போகவில்லை, கட்சி மாநாடு. இரண்டாம் தடவையும் போகவில்லை. கால் முறிந்து மாவுக்கட்டு. கட்சிக் கொடிக்கம்பம் நடுவதற்குத் தானே நின்று வெட்ட வைத்த குழியில் தானே விழுந்திருந்தார். மூன்றாம் தடவையும் ஆள் வரவில்லையென்றால் மனு தள்ளுபடி என்று தாக்கீது வந்தது. தள்ளுபடியானால் அடுத்த நடவுக்கு அந்த ஐந்து மாவில் நாம் கால் வைக்க முடியாது.

விசாரணை காலை பத்தரைக்கு. டவுன் ஒன்பது மைல். நடவுக்கூலித் தகராறில் பாலத்தருகே பஸ் மேல் கல் விழுந்து மூன்று நாளாகப் பஸ் வரவில்லை. ஊரில் இருந்த நான்கு மாட்டுவண்டியும் மிராசுதாரர் வீட்டை அண்டியவை. அவரை எதிர்த்து நடக்கிற வழக்குக்கு அவை வராது. மோட்டார் சைக்கிள் இருக்கிறதே என்று இருந்தோம். விசாரணைக்கு முந்தின நாள் காலையில் பார்த்தால் பின் டயரில் நான்கு விரல் நீளத்துக்கு வெட்டு. டியூபும் கிழிந்திருந்தது.

அண்ணன் கயிற்றுக்கட்டிலில் கிடந்தபடியே கத்தினார். “சதி! அப்பட்டமான சதி!”

நீங்கள் குனிந்து வண்டிக்கடியில் கிடந்த வைக்கோலைக் கிளறினீர்கள். கருக்கரிவாள் ஒன்று அகப்பட்டது. நம் வீட்டு அரிவாள்தான். அதை யாராவது எடுத்து வெட்டிவிட்டுப் போட்டார்களா, அல்லது முன்தினம் வண்டியைத் தள்ளி நிறுத்தும்போது அதன்மேல் ஏற்றிவிட்டோமா என்பதும் எனக்குத் தெரியாது. பந்தலில் பேசியவருக்குத் தெரிந்திருந்தது.

“சதியா இருந்தா என்ன, அருவாளா இருந்தா என்ன? நாளைக்குப் போவணும்” என்றீர்கள். புடவையை இழுத்துச் செருகினீர்கள். “பாப்பா, அந்தத் தோசைத் திருப்பிய எடு.”

சக்கரத்தைக் கழற்றுவது சுலபமாக இருந்தது. அச்சு நட்டைத் தளர்த்தினோம், சங்கிலியை விடுவித்தோம், அண்ணன் கட்டிலிலிருந்து ஒவ்வொன்றுக்கும் உத்தரவு போட்டார். வெட்டுப்பட்ட டயரைக் கழற்றிவிட்டுப் பழையதைப் போட வேண்டும், அதுதான் திட்டம். ஆனால் டயர் ரிம்மை விட்டு அசையவில்லை. சுவரில் ஒட்டிய தேர்தல் போஸ்டர் மாதிரி சுற்றிலும் ஒட்டிக்கொண்டிருந்தது. ஓரத்தில் வெள்ளையாகப் பொருக்கு, அதற்குக் கீழே சிவப்பாகத் துரு.

அண்ணன் எட்டிப் பார்த்தார். “கஞ்சி! நான் அப்பவே நெனச்சேன்.”

“எப்ப நெனச்சீங்க? வழுக்கிக்கிட்டு போனப்ப கைத்தட்டுனது யாரு?”

“அது சந்தோஷத்துல தட்டுனது.”

“துருங்க அது. செவப்பா இருக்கு பாருங்க.”

“வெள்ளையாவும் இருக்கே!”

“எம்மெஸ்ஸி சொல்லட்டும்.”

நான் முதன்முதலாக அன்றுதான் அப்படிக் கூப்பிடப்பட்டேன். கஞ்சியாக இருந்தால் தண்ணீரில் ஊறினால் இளகும் என்றேன். துருவாக இருந்தால் தண்ணீர் உதவாது, மண்ணெண்ணெய் வேண்டும் என்றேன். எது என்று கேட்டீர்கள். தெரியாது என்றேன். “அப்ப ரெண்டையும் போடுவோம்” என்று விளக்கிலிருந்த மண்ணெண்ணெயைச் சுற்றிலும் ஊற்றிவிட்டுச் சக்கரத்தை உருட்டிக்கொண்டு கிளம்பிவிட்டீர்கள்.

அதுதான் என் தவறு, அண்ணி. இரண்டு மருந்தை ஒன்றாகப் போட்டால் எது கேட்டது என்று எப்படித் தெரியும்? ஆய்வுக்கூடத்தில் ஒரு மாணவி இப்படிச் செய்தால் மதிப்பெண்ணைக் குறைப்பேன்.

வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்து நான்கு நாளாகியிருந்தது. குறுவைக்கு விதைநெல் மூட்டைகள் கரையோரம் கயிற்றில் கட்டி ஊறிக்கொண்டிருந்தன. நீங்கள் அந்த வரிசையில் சக்கரத்துக்கும் ஓர் இடம் பார்த்தீர்கள்.

வீட்டிலிருந்து அண்ணனின் குரல் வந்தது. “தண்ணியில போட்டா பேரிங் போயிரும்!”

பேரிங் நடுவில்தானே இருக்கிறது என்று ஒரு மூங்கிலை நடுத்துளையில் செருகி, வாய்க்காலின் இரு கரையிலும் கவைக்கொம்பு நட்டு அதன்மேல் வைத்தீர்கள். டயரின் கீழ்ப்பகுதி மட்டும் தண்ணீரில் முழுகியது. நீரோட்டத்தில் அது தானாகவே சுற்றியது என்று அண்ணன் இன்றைக்கும் சொல்கிறார். அவர் கட்டிலில் இருந்தார். சுற்றவில்லை. நாம்தான் கால்களைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு ஆளுக்கொரு கரையில் உட்கார்ந்து கையால் திருப்பிக்கொண்டே இருந்தோம், மத்தியானச் சோறு வரைக்கும்.

என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக ஒரு வேலையைச் செய்ததாக நினைவில்லை. அவ்வழியே போன ஒருவர் நின்று பார்த்தார்.

“என்னம்மா, சக்கரத்துக்கு மொளை கட்டுறீங்களா?”

“ஆமாங்க. மூணாம் நாளு மொளைச்சிரும். உங்களுக்கு ஒரு நாத்துக்கட்டு எடுத்து வைக்கவா?”

அவர் போய்விட்டார். அப்புறம் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னீர்கள்: “எங்கப்பா நாப்பது வருசம் கடலுக்குப் போனாரு பாப்பா. இந்த எடம் எனக்குன்னு காட்ட அவருக்கு ஒரு சாண் இல்ல. தண்ணியில யாரு பேரு நிக்கும்? இது தரை. ஒரு தடவ எழுதிட்டா நிக்கும். எனக்கு அத எழுதிப் பாக்கணும்.”

நான் சக்கரத்தை ஒரு சுற்றுத் திருப்பினேன். நீங்களும் திருப்பினீர்கள்.

சாப்பிட்ட பிறகு வாசலில் சக்கரத்தைக் கிடத்தி, டயரின் பக்கவாட்டில் மணைப்பலகையை வைத்து அதன்மேல் ஏறிக் குதித்தீர்கள். அசையவில்லை. “ஏறு பாப்பா” என்று என்னையும் இழுத்தீர்கள். பல்கலைக்கழகத்தில் தங்கப் பதக்கம் வாங்கியவள், வாசலில், ஒரு பலகைமேல், உங்கள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு குதித்தேன். அண்ணன் கட்டிலிலிருந்து ஊர்வலத்தில் முழக்கமிடுகிறவர் மாதிரி “ஒண்ணு! ரெண்டு!” என்று எண்ணினார். பதினேழாவது குதியில் ‘டப்’ என்று விட்டது. நாம் மூன்று பேரும் ஒரே நேரத்தில் கத்தியதில் கொல்லையில் கோழி எழுந்துவிட்டது.

எழுந்தது நல்லதாகப் போயிற்று. அதை எழுப்பத்தான் அடுத்துப் போக வேண்டியிருந்தது. எட்டு முட்டைகளையும் ஒரு கூடைக்கு மாற்றி, வைக்கோலை உதறி, அதன் வீட்டை உருட்டிக்கொண்டு வந்தோம். கோழி பின்னாலேயே திட்டிக்கொண்டு வந்தது. நான் மிதந்த டியூபில் இரண்டு ஒட்டு இருந்தது, காற்று நின்றது. இறக்கிவிட்டு உள்ளே வைத்தோம். டயருக்குள் ஒட்டாமல் இருக்க அண்ணனின் முகப்பவுடரைத் தூவினீர்கள். “கூட்டத்துக்குப் போவையில என்ன போடுறது?” என்று அவர் கேட்டதற்கு, “டயர் மணக்கும், அது பக்கத்துல நில்லுங்க” என்றீர்கள்.

இந்த முறை வழுக்குவதற்குச் சோப்புத் தண்ணீர். “ஏன், கஞ்சி வேணாமா?” என்றார் அண்ணன். நீங்கள் பல்லைக் கடித்துக்கொண்டு நெம்பிக்கொண்டிருந்தீர்கள். ஒரு பக்கம் அண்ணனின் கம்பி, இன்னொரு பக்கம் தோசைத் திருப்பி. டியூப் நடுவில் மாட்டிக் கிழியாமல் இருக்க, ஒவ்வொரு நெம்புக்கும் முன்னால் விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்த்தீர்கள். கம்பி நழுவினால் அந்த விரல் என்ன ஆகும் என்பதை நான் பார்க்காமல் திரும்பிக்கொண்டேன். கடைசி முழம் உள்ளே போனபோது தோசைத் திருப்பியின் காம்பு வளைந்துவிட்டது. நூற்றுத் தொண்ணூறு அடி பம்பு அடித்தேன். எண்ணினேன், அது மட்டும் உறுதியாகத் தெரியும். விளக்கு வைக்கும் நேரத்தில் வண்டி நின்றது. களத்தில் இரண்டு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, “போவும்” என்றீர்கள்.

ஆக, ஒரே மணி நேரம் இல்லை. ஒரு பகல் முழுக்க.

அந்தத் திருப்பி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. படத்திறப்புக்கு மறுநாள் அண்ணன் உங்கள் பாத்திரங்களில் ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொன்னபோது அதைத்தான் எடுத்தேன். காம்பு வளைந்திருப்பதால் அதற்கென்று கையை ஒரு கோணத்தில் பிடிக்க வேண்டியிருக்கிறது. மற்ற திருப்பிகள் இப்போது எனக்கு வசப்படுவதில்லை. வகுப்பில் ஒரு பெண் எழுந்து “தெரியலை மேடம்” என்று தலைகுனிகிறபோது, “தெரியலைன்னா ரெண்டையும் போட்டுப் பாரு” என்று சொல்லிவிடுகிறேன். அது தவறான முறை என்று அடுத்த வாக்கியத்திலேயே விளக்குகிறேன். ஆனால் முதலில் வருவது உங்கள் வாக்கியம்தான். ஐந்து மா நமக்கே பதிவானது. இரண்டு வருடமும் இன்னும் ஐந்து வாய்தாவும் ஆயின. பதிவான தாளைக் கொண்டுவந்து நீங்கள் விரலால் எழுத்தெழுத்தாகத் தொட்டுப் படித்ததை நான் பார்த்தேன். அதைப் பந்தலில் யாரும் சொல்லவில்லை. அவர்கள் சொன்னது மறுநாளைப் பற்றி. ஆகவே மறுநாள் நடந்ததை எழுதி முடிக்கிறேன்.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். நீங்கள் ஓட்டினீர்கள். பின்னால் அண்ணன், கஞ்சி போட்ட கரை வேட்டியில். மாவுக்கட்டுக் கால் இடப்பக்கம் நீட்டிக்கொண்டிருந்தது. துண்டைக் கட்டி, ஆட்டுக்குட்டியைப் பிடிப்பது போல அதை அவரே தூக்கிப் பிடித்திருந்தார். நான் தாள்களை மஞ்சப்பையில் வைத்துக்கொண்டு, பம்பைக் கேரியரில் கட்டி, சைக்கிளில் பின்னால் வந்தேன். பாலத்தில் கூலிக்காரர்கள் மறித்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு வேறு கொடி. அண்ணனுக்கும் அவர்களுக்கும் ஆகாது. உங்களையும் அந்தக் காலையும் பார்த்ததும் ஒருவர் எழுந்தார். “வழி விடுங்கப்பா, காலு வருது!” என்றார். எல்லோரும் சிரித்துக்கொண்டே எழுந்தார்கள். நின்ற வண்டியைக் கிளப்ப நான்கு பேர் தள்ளியும் விட்டார்கள்.

தாராசுரம் தாண்டி டவுனுக்குள் போனதும் ஒரு முக்கில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். நீங்கள் திரும்பவில்லை. நேரே போய் இடப்பக்கம் திரும்பினீர்கள்.

“வலது! ஏம்மா, வலது பக்கம்!”

“எனக்குக் களத்துல வலது இல்லீங்க!”

இடது, மறுபடி இடது, மறுபடி இடது என்று சுற்றி, அந்த வலப்பக்கத் தெருவுக்கு நேராகப் பெரிய ரோட்டைக் குறுக்கே கடக்கிற இடத்துக்கு வந்தீர்கள். லாரி வந்தது. கடக்கப் பயந்து மறுபடியும் இடப்பக்கமே திரும்பிவிட்டீர்கள். இப்படி மூன்று சுற்று. நீங்கள் சுற்றியது தாலுகா ஆபீஸை அல்ல. ஒரு டீக்கடை, ஒரு மரக்கடை, ஒரு சலவைக் கடை இருந்த தெருக்களை. இரண்டாவது சுற்றில் சலவைக் கடைக்காரர், “இடமா சுத்தக் கூடாதும்மா, ஆகாது” என்றார். “அதெல்லாம் மூடநம்பிக்கை!” என்று அண்ணன் காலைப் பிடித்துக்கொண்டே பதில் கொடுத்தார். மூன்றாவது சுற்றில் டீக்கடைக்காரர் கிளாஸைத் தூக்கிக் காட்டினார். “அம்மா, டீ குடிச்சிட்டுச் சுத்துங்க!” நான் முக்கில் சைக்கிளோடு நின்று லாரி இல்லையென்று கையைக் காட்டினேன். கடந்தீர்கள்.

தாசில்தார் எழுந்து நிற்கவில்லை. அவர் அன்று ஆபீஸில் இல்லை. கூலிப் பேச்சுவார்த்தைக்குப் போயிருந்தார். குமாஸ்தா ஒருவர் பேரைக் கூப்பிட்டார். அண்ணன் ஒரு பிரசங்கம் தயார் செய்து வைத்திருந்தார், அதற்கு இடமிருக்கவில்லை. எதிர்த்தரப்பில் யாரும் வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. குமாஸ்தா தாளில் எழுதியதை நான் தலைகீழாகப் படித்தேன்: மனுதாரர் ஆஜர். எதிர்மனுதாரர் ஆஜரில்லை. மறு வாய்தா. அவ்வளவுதான். நீங்கள் ஜன்னலுக்கு வெளியே நின்று, நகக்கண்ணில் இருந்த கறுப்பை ஒரு குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தீர்கள். வந்து சொன்னேன். “ஆஜர்னு எழுதிட்டாங்களா? நீ பாத்தியா?” என்று இரண்டு தடவை கேட்டீர்கள். பிறகு நாம் அந்த டீக்கடைக்குப் போய் டீ குடித்தோம்.

மூன்று மணிக்கு வீடு வந்தோம். வண்டியை நிறுத்தியதும் குனிந்து பின் டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தீர்கள். காற்று இறங்கியிருக்கவில்லை. வெட்டுப்பட்ட புது டயரைக் கொல்லைக்கு உருட்டிக்கொண்டு போய், வைக்கோல் திணித்து, எட்டு முட்டைகளையும் கூடையிலிருந்து எடுத்து அதில் வைத்தீர்கள். கோழி அதைச் சுற்றி இரண்டு முறை நடந்தது, இடமாகத்தான். பிறகு ஏறி உட்கார்ந்தது.